ஏழு பங்கு ஸ்பிரிட், மூன்று பங்கு பெட்ரோல்

9-1-1957, புதன்

இன்றைய தவறு: கார்புரேட்டருக்குள் மிதக்கும் கார்க்குத் துண்டுக்கு அரக்குப் பூசினேன். ஈரம் ஏறக் கூடாது என்று மூன்று பூச்சு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். கம்பெனியில் தினமும் அரக்குக் கரைக்க ஸ்பிரிட் அளந்து கொடுப்பவன் நான்தான். பதினேழு நிமிடத்தில் பூச்சு கரைந்து, கார்க்கு ஊறி மூழ்கிவிட்டது. எஞ்சின் மூச்சுத் திணறி நின்றது. சின்னத் தவறு.

இவ்வளவையும் எழுதிவிட்டு ராக்கப்பன் பேனாவை மூடினான். பிறகு திறந்து, கடைசி வரியில் 'சின்ன' என்பதை மட்டும் அடித்தான். சனிக்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஸ்டோரில் அவனுக்கு வேலை. வாரத்தில் மூன்று நாள் வேலை விட்டதும் சைக்கிளை மிதித்துச் சிவகாசிக்குப் போய், ஒரு பள்ளிக்கூட அறையில் நடக்கும் எஞ்சின் வகுப்பில் உட்காருவான். வயது இருபத்து மூன்று. எதைச் செய்தாலும் அளந்து செய்வான். செய்த பிறகு அளந்தது சரிதானா என்று சந்தேகப்படுவான். நாட்குறிப்பில் முதல் வரி எப்போதும் அன்றைய தவறுதான். ஒன்றும் அகப்படாத நாளில், 'தவறு: இன்னும் தெரியவில்லை' என்று எழுதுவான்.

சனிக்கிழமை அவன் அக்கா சண்முகத்தாயின் முறை. வெம்பக்கோட்டைக்கு மேற்கே கரிசல் காட்டில் அவளுக்கு ஒண்ணரை ஏக்கர் மிளகாய்த் தோட்டம். கிணறு பங்குக் கிணறு. அவள் புருஷன் சோலைச்சாமிக்கும் அவனுடைய அண்ணன் கோட்டைச்சாமிக்கும் சேர்ந்தது. ஆறு நாளைக்கு ஒருமுறை, சூரியன் உதிப்பதிலிருந்து அடுத்த உதயம் வரை, கிணறு அவளுக்கு. மற்ற நாளெல்லாம் கோட்டைச்சாமிக்கு. கிணறு வெட்டிய காலத்திலேயே ஒரு பேச்சு உண்டு. தொடர்ந்து மூன்று முறை தன் மடையைத் தண்ணீர் தாண்டாவிட்டால், அந்த வெள்ளாமை முடியும்வரை அந்தப் பங்கு அடுத்தவருக்குப் போய்விடும். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பெரியவர்கள் வைத்த பேச்சு அது. ஊரில் யாரும் அதை மீறியதில்லை.

சோலைச்சாமி காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போவதற்குமுன் மாடுகளை விற்று, வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தி, தண்ணீர் இறைத்த கமலையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு பெட்ரோல் எஞ்சினை இறக்கியிருந்தான். அண்ணன் எஞ்சினும் தம்பி எஞ்சினும் கிணற்றின் இரண்டு கரையில் நின்றன. எங்கோ சூயஸ் என்ற இடத்தில் சண்டை மூண்டு கால்வாய் அடைபட்டதும் பெட்ரோல் அருகிப்போனது. பங்க்கில் லாரி கம்பெனிக்காரர்களுக்கும் வேண்டியவர்களுக்கும்தான் ஊற்றினார்கள். கோட்டைச்சாமி வேண்டியவர். அவரிடம் இரண்டு பேரல் இருந்தது. சண்முகத்தாயிடம் அரை டின் மிச்சம்.

டிசம்பர் கடைசி நாள் அவள் முறை. இருந்த பெட்ரோலைச் செலவழிக்கப் பயந்து அவள் இறைக்கவில்லை. அன்று சாயந்திரம் கோட்டைச்சாமி வரப்பில் வந்து நின்றார்.

"தாயி, எதுக்குக் கெடந்து அல்லாடுத? தோட்டத்த எங்கிட்ட விட்டுரு. நான் எறைச்சு, நான் எடுத்து, உன் வயித்துப்பாட்டுக்கு வத்தல் அளந்து போடுதேன்."

"அளந்து போட நான் ஒங்க வீட்டுக் கோளியா மச்சான்?" என்றாள் சண்முகத்தாய். "இன்னும் ரெண்டு முறை கெடக்கு. போயி வேலையப் பாருங்க."

தம்பியிடம் மட்டும், "ஏலே ராக்கு, என்னமாச்சும் செய்யணும்லே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை.

என்ன செய்வது என்று ராக்கப்பனுக்குத் தோன்றியது ஸ்டோரில்தான். ஐப்பசி மழையில் ஓட்டுக்கூரை ஒழுகி, ஸ்பிரிட் பேரல் ஒன்றுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. குடிக்க முடியாதபடி குமட்டும் மருந்து கலந்து லைசென்சில் வருகிற ஸ்பிரிட் அது. தண்ணீர் பட்டதால் அரக்கு அதில் பால்போலத் திரிந்தது. பூத்திரி மத்தாப்புக்கு மருந்து ஒட்டவில்லை. நாற்பது காலன். மண்ணில் கொட்ட வேண்டும் என்று முதலாளி சீனிவாசகம் மதுவிலக்கு ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்தார். ராக்கப்பன் அவர் மேஜைமுன் போய் நின்றான். சொல்ல வந்ததைச் சொல்லாமல் மூன்று தடவை தொண்டையைச் செருமினான்.

"பத்து காலன் குடுத்தா எஞ்சின்ல ஊத்திப் பாப்பேங்க."

"தண்ணி கலந்துருக்குடா அதுல."

"அது தெரியுங்க. பத்துல ஒரு பங்கு தண்ணி. ஸ்பிரிட் மானி விட்டுப் பாத்துட்டேன்."

"எஞ்சின் யாருது? கம்பெனிது இல்லைல்ல? அப்ப சரி" என்றார். பேரலைப் பார்க்க வந்த அதிகாரியிடமே, பத்து காலன் எஞ்சின் சோதனைக்கு என்று ஒரு சீட்டில் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார். அதிகாரி சிரித்துக்கொண்டே போட்ட கையெழுத்து.

ஜனவரி ஆறாம் தேதி இரண்டாவது முறை. முந்தின நாள் மத்தியானம் ராக்கப்பன் நாலு பங்கு பெட்ரோலில் ஒரு பங்கு ஸ்பிரிட்டைக் கலந்தான். புதுச் சமாச்சாரம், கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் புத்தி என்று நினைத்தான். லேசாகக் கலங்கலாக இருந்ததை வெயிலில் வைத்துக் குலுக்கினான். தெளிந்த மாதிரி இருந்தது. டேங்கில் ஊற்றி வைத்தான். விடியற்காலைக் குளிரில் எஞ்சின் நாலு இருமல் இருமி நின்றது. அடியிலிருந்து ஒரு குப்பியில் வடித்துப் பார்த்தான். கீழே ஸ்பிரிட்டும் தண்ணீரும் ஒரு அடுக்கு, மேலே பெட்ரோல் ஒரு அடுக்கு. நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. தண்ணீர் ஸ்பிரிட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கீழே போய் உட்கார்ந்துவிட்டது. எஞ்சின் உறிஞ்சியது அதைத்தான்.

மடை காய்ந்து கிடந்தது. இரண்டாவது முறையும் போனது.

பழைய மருந்துக் குப்பிகள் ஒன்பது எடுத்துக் கழுவினான். ஒவ்வொன்றிலும் காகிதத்தை வெட்டி அளவுக்கோடு ஒட்டினான். முதல் குப்பியில் ஒரு பங்கு ஸ்பிரிட், ஒன்பது பங்கு பெட்ரோல். அடுத்ததில் இரண்டுக்கு எட்டு. அப்படியே கடைசியில் ஒன்பதுக்கு ஒன்று. வரிசையாகத் தோட்டத்துச் சுவரில் வைத்துவிட்டு, விடிந்ததும் போய்ப் பார்த்தான். முதல் ஐந்தும் பிரிந்திருந்தன. ஆறாவது கலங்கல். ஏழாவது பளிங்கு மாதிரி இருந்தது. எட்டும் ஒன்பதும் அப்படியே. குலுக்கினான், கிணற்று நீரில் இறக்கிக் குளிர வைத்தான். ஏழு பிரியவே இல்லை.

சண்முகத்தாய் பின்னால் வந்து நின்றாள். "என்னலே, சாமிக்குத் தீர்த்தம் வரிசை வச்சிருக்க?"

"எக்கா, கொஞ்சமாச் சேத்ததுதான் தப்பு. ஸ்பிரிட் கொறைச்சலா இருந்தா அதால தண்ணியப் பெட்ரோலோட சேத்துப் பிடிச்சு வைக்க முடியலை. நெறைய இருந்தா தண்ணியையும் பெட்ரோலையும் சேத்தே பிடிச்சுக்கிடுது."

"அப்ப நெறைய ஊத்து."

"தப்பாப் போச்சுன்னா?"

"ஊத்தலைன்னா மட்டும் சரியாப் போகுமாக்கும்?"

ஸ்பிரிட் பெட்ரோலைவிட அதிகமாகச் செலவாகும் என்று வகுப்பில் கேட்டிருந்தான். கார்புரேட்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் ஜெட்டின் துளையைத் தையல் ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து பெரிதாக்கினான். எந்த ஊசி எதுவரை நுழைகிறது என்று குறித்துவைத்தான். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன் கார்க்குக்கு அரக்கைப் பூசியதுதான் வேடிக்கை. அந்தப் பக்கத்தில் எது ஒழுகினாலும், எது ஊறினாலும் கை முதலில் அரக்குக்குத்தான் போகும். அவன் கையும் அப்படியே போனது.

வியாழக்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சாத்தூர் ரோட்டில் எஞ்சின் ரிப்பேர் பார்க்கும் ஊர்க்காவலனிடம் போனான். ஊர்க்காவலனுக்குக் கேட்டதுமே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பட்டறையில் இருந்த மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஏய், இங்கன வாங்கப்பா. ராக்கப்பன் எஞ்சினுக்குத் தண்ணி காட்டப் போறானாம். மொதல்ல கொஞ்சமா ஊத்துனான், நின்னுபோச்சு. அதனால இப்ப நெறைய ஊத்தப் போறானாம். ஏலே, அடுத்து புண்ணாக்கு வைப்பியா?"

"புண்ணாக்கு வேண்டாம்ணே" என்றான் ராக்கப்பன். காது சிவந்துவிட்டது, ஆனாலும் நகரவில்லை. "ஒரு மிதவை வேணும். கார்க்கு ஆகாது. தகரத்துல, காத்து அடைச்சாப்பல."

"அந்த எஞ்சினுக்குத் தகரத்துல எங்க போக?"

ஊர்க்காவலன் மூக்குப் பொடி போடுகிறவர். மேஜைமேல் இருந்த அவருடைய பொடி டப்பாவையே ராக்கப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். உருண்டையான சின்னத் தகர டப்பா. ஊர்க்காவலனும் அதைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

"எடை?" என்றார்.

"கார்க்கு எடை எழுதி வச்சிருக்கேன். கால் ரூவாத் துட்டுல பாதி எடை கூடினாலும் பரவாயில்லை. ஸ்பிரிட் பெட்ரோலைவிடக் கனம். தூக்கிக்கிடும்."

ஊர்க்காவலன் பொடியை ஒரு காகிதத்தில் கொட்டிவிட்டு ஈயம் வைத்து மூடியைப் பற்றவைத்தார். வெந்நீரில் அமுக்கினார்கள், ஒரு குமிழி வந்தது. மறுபடி பற்றவைத்தார். அடுத்த தடவை வரவில்லை. "நிக்கத்தாம்லே போகுது" என்றார் டப்பாவை நீட்டிக்கொண்டே. "ஆனா எம்புட்டு நேரம் ஓடுச்சுன்னு வந்து சொல்லிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை டப்பா கார்புரேட்டருக்குள் உட்கார்ந்தது. டேங்கில் ஏழுக்கு மூன்று கலந்த ஐந்து காலன் ஏறியது. பெட்ரோல் டின்னில் ஒரு கிண்ணம் அளவு மட்டும் மிச்சம்.

சனிக்கிழமை கிழக்கு வெளுத்து, சூரியன் விளிம்பு தெரிந்தபிறகுதான் ராக்கப்பன் கயிற்றைச் சுற்றினான். முறை அதுவரை கோட்டைச்சாமியுடையது. முதல் இழுப்புக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. குளிரில் ஸ்பிரிட் சட்டென்று பிடிக்காது என்பது தெரிந்ததுதான். கிண்ணத்தில் வைத்திருந்த சுத்தப் பெட்ரோலைக் காற்றுப் போகும் வாயில் கொஞ்சம் விட்டு இழுத்தான். படபடவென்று எடுத்தது. அந்தப் பெட்ரோல் தீர்ந்ததும் தொய்ந்தது. காற்றுவாயைப் பாதி மூடிப் பிடித்தான். தொய்வு நின்று, சத்தம் ஒரே சீராகியது. புகை இல்லை, அழுகிய பழமும் மருந்துக்கடையும் கலந்த மாதிரி ஒரு வாடை மட்டும் காற்றில் பரவியது. பம்ப் இரண்டு தடவை கொப்பளித்துவிட்டுத் தொட்டியில் தண்ணீரைத் தள்ளியது.

தண்ணீர் தொட்டியை நிறைத்து, பொது வாய்க்காலில் இறங்கி, அவள் மடைக்கு இன்னும் நாற்பது அடி இருக்கும்போது, வண்டிப்பாதையில் கோட்டைச்சாமியின் சைக்கிள் வந்தது. பின்னால் மதுவிலக்கு ஏட்டு காளிராஜ் உட்கார்ந்திருந்தார். ராக்கப்பன் வழக்கம்போல நேரத்தை நாட்குறிப்பில் குறித்துக்கொண்டான். பக்கத்துத் தோட்டக்காரர்களும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"பாருங்கய்யா, புதன்கிளமையே நாறுச்சுன்னு சொன்னேனே, இப்ப எங்க வரைக்கும் நாறுதுன்னு" என்றார் கோட்டைச்சாமி. "தாலியறுத்த பொம்பள தோட்டத்துல சாராயம் வந்து எறங்கியிருக்கு."

சண்முகத்தாய் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நேரே ஸ்பிரிட் டின்னிடம் போனாள். ஒரு டம்ளரில் மொண்டு ஏட்டின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ஏட்டய்யா, சாராயமா இல்லையான்னு நீகதான சொல்லணும். மோந்து பாருங்க. எங்க மச்சானுக்கு ஆசையா இருந்தா அவுகளுக்கும் ஒரு டம்ளர் தாரேன்."

காளிராஜ் மோந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு காறித் துப்பினார். கூட்டத்தில் யாரோ, "மச்சான் குடிச்சா எஞ்சின் மாதிரி ஓடுவாரு" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு ஏட்டுக்குக் கோபத்தைத்தான் கூட்டியது. ராக்கப்பன் எடுத்துக் கொடுத்த சீட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சீட்டெல்லாம் இன்ஸ்பெக்டர் அய்யா பாக்கட்டும். அதுவரைக்கும் எஞ்சினை நிறுத்து."

"அய்யா எப்பங்க வருவாக?"

"திங்கக்கிழமை பொங்கல். அதுக்கப்புறம் பாப்போம்."

தண்ணீர் முனை வாய்க்கால் வெடிப்புகளைக் குடித்துக் குடித்து மெல்ல வந்துகொண்டிருந்தது. மடைக்கு முப்பது அடி. ராக்கப்பனின் கை தானாகவே எஞ்சின் பக்கம் போனது. பள்ளிக்கூடத்திலும் கம்பெனியிலும் யார் நிறுத்து என்றாலும் நிறுத்துகிற கை அது. சுவிட்சைத் தொட்டுவிட்டது. அக்கா பார்த்தது அவனை அல்ல, தண்ணீரை.

அவன் கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் விட்டு நாட்குறிப்பை எடுத்தான். அன்றைய பக்கத்தைத் திறந்து, பென்சிலோடு ஏட்டிடம் நீட்டினான்.

"நிறுத்துறேங்கய்யா. 'எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்'னு எழுதி, நேரம் போட்டு, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

"என்னலே, எனக்கே சட்டம் பேசுதியா?"

"சட்டம் எனக்குத் தெரியாதுங்க. எதையும் எழுதி வைக்கிற பளக்கம்."

காளிராஜ் நோட்டை வாங்கினார். எழுத அல்ல, என்ன இருக்கிறது என்று பார்க்க. கண் பாதிப் பக்கத்தில் நின்றது.

"'ஆறு அம்பது. ஏட்டு காளிராஜ் வந்தார், கோட்டைச்சாமி சைக்கிளில்.' எம் பேர எதுக்குடா எழுதுன?"

"வந்தீகளே" என்றான் ராக்கப்பன். "அவுக சைக்கிள்லதான வந்தீக? தப்பா இருந்தாச் சொல்லுங்க, அடிச்சிடுதேன்."

கூட்டம் இப்போது சிரிக்கவில்லை. எல்லாரும் ஏட்டின் கையில் இருந்த பென்சிலைப் பார்த்தார்கள். அதிகாரி கையெழுத்துள்ள சீட்டு ஒரு பக்கம், அதற்கு மாறாகத் தன் கையெழுத்து இன்னொரு பக்கம். காளிராஜ் அதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"சீட்டு பத்திரமா இருக்கட்டும்" என்றார் பொதுவாக. கோட்டைச்சாமியின் சைக்கிளுக்குக் காத்திராமல் வண்டிப்பாதையில் நடந்தார்.

கோட்டைச்சாமி விடவில்லை. "அவரு போனாப் போகட்டும். ஸ்பிரிட்டுல எறைச்சா முறை செல்லாது. பெட்ரோலுன்னா பெட்ரோலு."

"கெணத்துப் பேச்சு பேசுன காலத்துல பெட்ரோல் ஏது மச்சான்?" என்றாள் சண்முகத்தாய். "கமலைதான இருந்துச்சு. மொதமொத எஞ்சின் எறக்குனது நீக. அப்ப யாரும் செல்லாதுன்னு சொன்னாகளா? தண்ணி மடையத் தாண்டணும்னுதான் பேச்சு. கமலை எறைச்சாலும் களுதை எறைச்சாலும் தண்ணி தண்ணிதான். இந்தா வருது, தள்ளி நில்லுங்க, கால் நனையப் போகுது."

தண்ணீர் மடைக்கு வந்துவிட்டது. அவள் மண்வெட்டியால் மண்ணை ஒரு வெட்டு வெட்டித் திறந்தாள். முதல் பாத்திக்குள் பழுப்பு நுரையோடு இறங்கியது. கூடியிருந்தவர்களில் வயசான ஒருவர் குனிந்து பார்த்து, "தாண்டிருச்சுப்பா" என்றார். அதற்குமேல் ஊரில் பேச்சில்லை. கோட்டைச்சாமி வரப்பில் ஏறிப் போனார். போகும்போது சொன்னார்: "அடுத்த முறைக்கு என்ன ஊத்துவ? அதையும் பாக்கத்தான போறேன்."

"பாக்க வாங்க" என்றாள் அவள். "வரும்போது ஏட்டய்யாவுக்கு வேற சைக்கிள் பாருங்க."

எஞ்சின் இடையில் இரண்டு தடவை தொய்ந்தது. இரண்டு தடவையும் ராக்கப்பன் காற்றுவாயைக் கையால் பாதி மூடிச் சரிப்படுத்தினான். உள்ளங்கை கன்றிப்போனது. நாலே முக்காலுக்கு டேங்க் அடி தட்ட ஆரம்பித்ததும், அடியில் கிடப்பதை இழுக்க வேண்டாம் என்று நிறுத்தினான். முப்பத்திரண்டு பாத்தியில் இருபத்து மூன்று நனைந்திருந்தது. மற்ற ஒன்பதும் வாடித்தான் நின்றன. சண்முகத்தாய் அவற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இதுகளுக்கு வெள்ளிக்கிளமை மொத தண்ணி" என்றாள். "பெட்ரோல் சுத்தமா இல்லையே, என்ன செய்யப் போற?"

"எஞ்சின் எடுக்கிறதுக்கு மட்டும் ஒரு கிண்ணம் பெட்ரோல் இருந்தாப் போதும். ஊர்க்காவலண்ணங்கிட்ட கேக்கணும். மத்தபடி முச்சூடும் ஸ்பிரிட்டுலயே ஓட்டிப் பாக்கணும். ஜெட்டை இன்னும் ஒரு ஊசி பெருசாக்கணும்." கொஞ்சம் யோசித்தான். "ஓடும்னு நெனைக்கேன். உறுதியாத் தெரியாது."

"உறுதியாத் தெரிஞ்சா நீ எப்பலே ஒரு காரியம் செஞ்சிருக்க?" என்றாள் அக்கா. மண்வெட்டியைக் கழுவத் தொட்டிக்குப் போனாள்.

பொழுது சாய்வதற்குள், வரப்பில் உட்கார்ந்தபடியே, கன்றிப்போன கையால் அவன் எழுதி முடித்தான்:

தவறு: இன்னும் தெரியவில்லை. எஞ்சின் காலை 6.35 முதல் மாலை 4.45 வரை ஓடியது. பெரிதாக்கிய ஜெட், ஏழுக்கு மூன்று. கலவை கடைசிவரை பிரியவில்லை. வாங்கிய பத்து காலனில் மிச்சம் ஐந்து. கம்பெனிப் பேரலில் இன்னும் முப்பது இருக்கிறது. பொங்கல் கழிந்ததும் கொட்டப் போகிறார்கள்.

நாளை, ஞாயிறு: டேங்கை வடித்துத் துடைக்க வேண்டும், ஈரம் நின்றால் துருப்பிடிக்கும். பிறகு அந்த முப்பது காலனையும் எஞ்சினுக்குக் கொடுக்கும்படி மதுவிலக்கு ஆபீசுக்கு விண்ணப்பம், சண்முகத்தாய் பெயரில், இரண்டு பிரதி.